நூற்றுக்கு ஐம்பத்தாறு

"சாரே, பொகைக்கு எடை உண்டா?"

எட்டு வயதுப் பூங்கனி இதைக் கேட்டபோது புன்னைவிளைச் சபையார் எல்லோரும் சிரித்தார்கள். ரசலையன் வாத்தியாரும் சிரித்தார். சிரிக்காமல் நின்றவர் அவளுடைய அப்பா முத்துநாயகம் ஒருவர்தான்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, மாசி மாதம். பெருவெள்ளத்துக்கு நாலைந்து மாதம் முந்தி. புது வேதக்கோயிலுக்கு அஸ்திவாரம் முடிந்து, சுவர் எழும்பச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. மூன்று கழிகளை நட்டு, கருங்கல் ஊர்க் கொப்பரை வியாபாரியிடம் இரவல் வாங்கிய பெரிய தராசை அதில் தொங்கவிட்டிருந்தார்கள். முத்துநாயகத்தின் சூளையிலிருந்து வந்த சுட்ட சிப்பியைக் கடவம் என்ற ஓலைப்பெட்டியில் அள்ளி, கடவம் கடவமாக நிறுத்து டீக்கன் நேசையன் சத்தமாகச் சொன்னார். கட்டடக் கமிட்டியின் காரியதரிசியான ரசலையன் நோட்டில் எழுதினார். கடைசிக் கடவமும் இறங்கிய பிறகு கூட்டிப் பார்த்தால் நூற்று இருபத்தொன்பது துலாம். சூளைக்குப் போன சிப்பியோ இருநூற்று நாற்பது துலாம்.

"இன்னொருக்கா கூட்டும் வாத்தியாரே," என்றார் நேசையன்.

கூட்டினார். மாறவில்லை.

"மிச்சம் நூத்திப் பதினொண்ணு எங்கவே முத்துநாயகம்?"

முத்துநாயகம் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியல்லியே டீக்கனாரே. சூளையில கெடந்தது அம்புட்டும் அள்ளியாச்சு. சாம்பலக்கூட சலிச்சுல்லா கொண்டாந்திருக்கேன்."

"பொகையாப் பறந்து போச்சோ என்னமோ!" என்று கூட்டத்தில் ஒருவர் கேலி பண்ணினார். அதைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளை உண்மையாகவே சந்தேகப்பட்டு வாத்தியாரிடம் கேட்டாள்.

"ஏட்டி, அடுத்தவாட்டி பொகையச் சாக்குல கெட்டிக் கொண்டா. நிறுத்துப் பாப்போம்," என்றார் நேசையன். மறுபடியும் சிரிப்பு.

அந்த வட்டாரத்தில் அதுவரை சிப்பியையும் சுண்ணாம்பையும் யாரும் தராசில் வைத்தது கிடையாது. எல்லாம் கடவக் கணக்கு. ஒரு கடவம் சிப்பி கொடுத்தால், நீற்றிப் பொடியாக்கிய சுண்ணாம்பு ஒரு கடவம் திரும்பி வரும். அதற்கு மேல் மிஞ்சுவது சூளைக்காரருடைய கூலி. சுட்ட சிப்பியில் தண்ணீர் தெளித்ததும் அது பொருமிப் பொரிந்து பொடியாகிக் கடவத்தை நிறைத்துவிடும் என்பதால் யாருக்கும் குறை தெரிந்ததில்லை.

கோயிலுக்காக வீட்டுக்கு இரண்டு கடவம் சிப்பி காணிக்கை என்று தீர்மானமானபோதுதான் தகராறு வந்தது. ஒரு வீட்டார் கூம்பாரமாகக் குவித்துக் கொண்டுவந்தார்கள். இன்னொரு வீட்டார் தலை தட்டிக் கொண்டுவந்தார்கள். ஆண்டவருக்குக் கொடுப்பதில் என்ன தலைதட்டு என்று பெண்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நேசையன் தராசைக் கொண்டுவந்தார். அறுபது வீடு, வீட்டுக்கு நாலு துலாம். நிறுத்துக் கொடுத்ததை நிறுத்தே திரும்ப வாங்க வேண்டும், அதுவும் நீற்றுவதற்கு முன்பே வாங்க வேண்டும், தண்ணீரை ஊற்றி எடை கூட்டிவிட இடம் வைக்கக் கூடாது என்று அவரே ஒழுங்கு செய்தார். நேர்மையான மனிதர் செய்த நேர்மையான ஏற்பாடு அது. முத்துநாயகமும், "சிப்பி எம்புட்டோ சுண்ணாம்பும் அம்புட்டு. ரெண்டு மூணு துலாம் பொடியாப் போவும்," என்று வாக்குக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து சூளைப் பக்கத்தில் கிடந்தவர் என்றாலும் அவரும் ஒருநாள் கூட நிறுத்துப் பார்த்ததில்லை. அந்த வாக்குத்தான் அவர் கழுத்தைப் பிடித்தது.

சபைக் கூட்டம் கூடியது. காணாமல் போன நூற்றுப் பதினொரு துலாமையும் முத்துநாயகம் ஈடுசெய்ய வேண்டும். எடுத்ததைச் சபைக்கு முன்னால் அறிக்கையிடும் வரை அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை. ரசலையன் தம் அழகான கையெழுத்தில் அதை எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து முத்துநாயகம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசலில் நின்று, வகுப்பு முடியும் வரை காத்திருந்தார்.

"சாரே, ஒரு காரியம். தராச நானும் ஒருநாள் இரவல் வாங்கினேன். இருபது துலாம் சிப்பி நிறுத்துப் போட்டேன். ராவும் பகலும் நானேதான் காவல். அள்ளி நிறுத்தா பதினொண்ணுக்குக் கீழ. எனக்கு நானே களவாணியா?" அவர் குரலில் முறையீட்டை விட ஆச்சரியம்தான் கூடுதலாக இருந்தது. "நீங்க ஒருநாள் வந்து இருந்து பாத்தா போதும் சாரே. ஒரே ஒரு கடவம்."

அன்று ரசலையனுக்கு உடம்பு முடியவில்லை. இரண்டு அறையில் நாலு வகுப்பு. வீட்டில் மனைவி செல்லபாய்க்குப் பத்து நாளாகக் காய்ச்சல். நேசையனிடம் போய் மறுபடியும் பேச்சை எடுக்க வேண்டும் என்று நினைத்தபோதே அவருக்கு அசதி வந்துவிட்டது.

"அது முடிஞ்ச காரியம், முத்துநாயகம். ஆண்டவருக்கு முன்னால நீரே சரியாக்கிக்கிடும்," என்றார்.

முத்துநாயகம் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அடுத்த பங்குனிக்குள் நூற்றுப் பதினொரு துலாமும் வந்து சேர்ந்துவிட்டது. வள்ளியாறு கடலில் விழும் கடியப்பட்டணத்து முகத்துவாரத்தில், அவரும் மனைவியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அரித்தெடுத்துச் சுட்ட சிப்பி. கோயில் எழும்பியது, பிரதிஷ்டையும் நடந்தது. இனி எடுத்ததாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்திக்கு வரலாம் என்று நேசையன் ஆள் அனுப்பினார்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லுவேன். எடுக்கல்லியே," என்று பதில் வந்தது.

ஞாயிறுதோறும் அவர் வருவார். கோயிலுக்கு வெளியே புன்னை மரத்தடியில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பார். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் எடுக்கும் நேரம் வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். பூங்கனி அந்த வருடமே பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தினாள். பிள்ளைகள் அவளைச் சுண்ணாம்புக் கள்ளி என்று கூப்பிட்டது ரசலையன் காதில் விழாமல் இல்லை. ஆனால் எத்தனையோ பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்க் கேட்க அவருக்குக் கால் வலித்தது.

இப்படிப் பத்து வருடம் போயிற்று.

பள்ளிக்கூடத்தை ஒரு படி உயர்த்தி, மேல் வகுப்புக்கு ரசாயனம் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு மரப்பெட்டியில் சின்னத் தராசு, கிராம் எடைகள், ஸ்பிரிட் விளக்கு, நாலைந்து கண்ணாடிக் குழாய்கள், ஒரு பாடப்புத்தகம் எல்லாம் வந்தன. தலைமை ஆசிரியராக இருந்த ரசலையன், மற்றவர்கள் கைவிரித்ததால் அந்த வகுப்பையும் தாமே எடுத்துக்கொண்டார். தெரியாததை முந்தின நாள் படித்து மறுநாள் நடத்துகிற கஷ்டம் அவருக்குப் பழகியதுதான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், வீட்டு முற்றத்தில் வைத்து அடுத்த பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மாற்றத்திலும் பொருளின் மொத்த எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. குறைந்ததாகத் தோன்றினால், நாம் பிடித்து வைக்காத ஏதோ ஒன்று வெளியே போயிருக்கிறது. இதற்கு உதாரணமாகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதைச் சொல்லியிருந்தது. கடற்சிப்பியும் அதே பொருள்தானாம். கால்சியம் நாற்பது பங்கு, கரி பன்னிரண்டு, பிராணவாயு பதினாறு வீதம் மூன்று தடவை நாற்பத்தெட்டு, ஆக நூறு. தீயில் வைத்தால் கரியும் பிராணவாயுவில் இரு பங்கும் சேர்ந்து கரியமில வாயுவாகிப் போய்விடும். பன்னிரண்டும் முப்பத்திரண்டும் நாற்பத்துநாலு. மிஞ்சுவது ஐம்பத்தாறு.

நூற்றுக்கு ஐம்பத்தாறு.

செல்லபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஏடு படிந்து கிடந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாள்.

புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது என்று, முன்பு ஒருநாள் காட்டியிருக்க வேண்டிய கவனத்தை இப்போது காட்டினார். நாலு சிப்பியைக் கழுவிக் காயவைத்து உடைத்து, ஐம்பது கிராம் நிறுத்து, கொல்லன் உலைக்குக் கொண்டுபோனார். சிரட்டைக்கரி நெருப்பில் ஒரு மண்மூசைக் கிண்ணத்தில் வைத்து, கொல்லன் துருத்தி ஊத, வெள்ளைச் சூட்டில் ஒரு மணி நேரம். ஆறிய பிறகு நிறுத்தார். இருபத்தொன்பது. மறுபடி வைத்து ஊதச் சொன்னார். இருபத்தெட்டும் கொஞ்சமும். மூன்றாம் முறையும் அதே நின்றது.

"என்ன சாரே, சிப்பியில தங்கம் எடுக்கப் போறீயளா?" என்று கொல்லன் கேட்டான்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பழைய கமிட்டி நோட்டை எடுத்தார். இருநூற்று நாற்பது துலாம் சிப்பி. நூற்றுக்கு ஐம்பத்தாறு வீதம் வரவேண்டியது நூற்று முப்பத்துநாலு துலாமும் சொச்சமும். வந்தது நூற்று இருபத்தொன்பது. குறைவு ஐந்து துலாமுக்குச் சற்றுமேல். ஈரச் சிப்பியில் ஒட்டியிருந்த மணலும் உப்புத் தண்ணீருமே அவ்வளவு இருக்குமே! வரக்கூடியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கைச் சூளையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார் முத்துநாயகம். வேகாத சிப்பி ஒன்று இல்லை; சாம்பலில் சிந்தினது ஒரு பிடி இல்லை. அவரைக் கள்ளன் என்று சொன்ன அதே தாளில், அவரைப் போல் சூளை வைக்கத் தெரிந்தவர் இல்லை என்றும் எழுதியிருந்தது. எழுதியவருக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

ரசலையன் அன்று ஜெபிக்க முழங்காலில் நின்றார். ஒரே ஒரு கடவம் என்ற குரல்தான் வந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேசையன் வீட்டுக்குப் போனார். டீக்கனாருக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். முற்றத்தில் கொப்பரை காயப்போட்டு, கையில் கம்போடு காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். ரசலையன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"காத்துக்கு எடையா? வாத்தியாரே, வெயிலு தலைக்குக் கேறிட்டா?"

"எடை உண்டு, டீக்கனாரே. நான் நிறுத்துப் பாத்தேன்."

"எதுல நிறுத்தீரு?"

ரசலையன் சின்னத் தராசை எடுத்துக் காட்டினார். நேசையன் அதை விரலால் தட்டினார். தட்டு இரண்டும் ஆடின.

"இது மோதிரம் நிறுக்கிய தராசுல்லா. இத வச்சு ஒரு மனுசன நல்லவனாக்கப் போறீரா?"

"அப்போ..."

"பெரிய தராசுல நிறுத்துத்தான் கள்ளன்னு சொன்னோம். பெரிய தராசுலயே பாக்கணும்." கம்பை ஓங்கி ஒரு காக்கையை விரட்டினார். பிறகு வேறு குரலில், "எனக்குத் தப்பிப் போச்சுன்னா, எனக்குத் தெரியணும் வாத்தியாரே. போற காலம் வந்தாச்சு," என்றார்.

வியாழக்கிழமை விடியற்காலையில், பத்துத் துலாம் சிப்பியும் அதே பெரிய தராசும் வண்டியில் ஏற்றி, இருவரும் ஆற்றங்கரைச் சூளைக்குப் போனார்கள். ரசலையன் பள்ளிக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். பூங்கனி சூளை வாசலில் கரி கொட்டிக்கொண்டிருந்தாள். தாய் இறந்து, தகப்பன் படுக்கையில் விழுந்த பிறகு சூளை அவளுடையதாகிவிட்டது. புருசன் கூட நின்று உதவி செய்வான். தராசைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"இன்னும் யாருக்கு என்னத்தக் காணல்ல, சாரே?"

நேசையன்தான் சொன்னார். "காணாமப் போனது ஒண்ணும் இல்லியோன்னு பாக்கத்தான் வந்திருக்கோம், மக்ளே. இதச் சுட்டுத் தா. நான் இங்கனயே இருப்பேன்."

"இருங்க. பத்து வருசத்துக்கு முந்தி வந்திருக்கணும்," என்றாள். இருந்தும், ஒரு ஓலைப் பாயைக் கொண்டுவந்து நிழலில் விரித்தாள்.

சிப்பி ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று போட்டு மூட்டினாள். சூளையின் வாயில் அனல் துடித்தது. மறுநாள் காலை வரை நேசையன் அங்கிருந்து அசையவில்லை. அவளே கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, சூளையைப் பார்த்தபடியே இருந்தார். ஆறிய பிறகு சாம்பலைச் சலித்து, வெள்ளை வெளேரென்று வந்ததை அள்ளித் தட்டில் வைத்தார்கள். நேசையன் தம் கையாலேயே எடைக்கல்லை எடுத்து எடுத்து வைத்தார். மூன்று முறை நிறுத்தார். ஐந்தரைத் துலாமுக்குக் கொஞ்சம் குறைவு.

அவர் பாயில் போய் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் கள்ளன்னு எழுதச் சொன்னேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, "அவன் எங்க?" என்று கேட்டார்.

முத்துநாயகம் உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சுண்ணாம்புத் தூளும் நெருப்பும் சேர்ந்து கண்ணைக் கெடுத்திருந்தன; மார்பில் எந்நேரமும் இரைப்பு.

"முத்துநாயகம், நான் நேசையன்."

"சத்தம் தெரியுது டீக்கனாரே. நேத்தே தெரியும். எம்புட்டு வந்துது?"

"அஞ்சரைக்குக் கொஞ்சம் கொறவு."

"அப்போ பிள்ள நல்லா சுட்டிருக்கா," என்றார் முத்துநாயகம்.

நேசையன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தப்பிப் போச்சுவே. சபையில எல்லாருக்கும் முன்னால நான் சொல்லுவேன்."

ரசலையன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நூறும் ஐம்பத்தாறும் நாற்பத்துநாலுமாக எல்லாவற்றையும் சொன்னார். அன்றைய சூளையில் வரக்கூடியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு எடுத்திருக்கிறீர் என்றும் சொன்னார். முத்துநாயகம் அசையாமல் கேட்டார்.

"நான் அப்பமே ஒங்ககிட்ட சொன்னேனே, சாரே," என்றார்.

கோபம் இல்லை. நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னார், அவ்வளவுதான். ரசலையன் வேறொன்றைச் சொன்னார்.

"புஸ்தகத்துல இன்னொண்ணும் இருக்கு. சுண்ணாம்பு செவுத்துல காயுதுன்னு நாம சொல்லுதோமே, அது வெறும் காய்ச்சல் இல்ல. சூளையில விட்டுப்போன அதே வாயுவக் காத்துல இருந்து பைய இழுத்து, மறுபடியும் சிப்பி மாதிரிக் கல்லாவுது. எடையும் கூடுது. கோயில் செவுரு பத்து வருசமா அதத்தான் செய்யுது."

முத்துநாயகத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. இரைப்புக்கு நடுவே சிரித்தார்.

"அப்போ நான் களவாண்டது தானா வந்து கோயில் செவுத்துல கேறிட்டுன்னு சொல்லுங்க!"

நேசையனும் சிரித்துவிட்டார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீரு ஈடா தந்த நூத்திப் பதினொண்ணு இருக்கே, அத என்ன செய்யது? கமிட்டியக் கூட்டவா?"

"சவத்த விடும் டீக்கனாரே. ஆண்டவருக்குக் குடுத்தது. செவுத்த இடிச்சுத் தருவீயளா?"

வெளியே வரும்போது ரசலையன் பூங்கனியிடம், "சின்ன வயசுல நீ ஒரு கேள்வி கேட்ட. பொகைக்கு எடை உண்டான்னு. உண்டு, மக்ளே," என்றார்.

"நானா? ஓர்மை இல்லியே சாரே," என்றாள் அவள். "சிரிச்சது மட்டும் ஓர்மை இருக்கு."

அந்த ஞாயிறு நேசையன் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, கட்டையான வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னார். தம் பெயரையும் சொன்னார். ரசலையனும் நின்றார். அடுத்த மாத முதல் ஞாயிறு, பூங்கனி தகப்பனைக் கைபிடித்து நடத்திக் கொண்டுவந்தாள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உள்ளே வந்ததும் சுவரைக் கையால் தடவி, விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டார். அப்பம் அவர் இருக்கும் இடத்துக்கே போயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊர் நினைத்தது. ரசலையன் அப்படி நினைக்கவில்லை. சபை செய்த பிழையைச் சபை சொல்லித் தீர்த்துவிட்டது. முத்துநாயகம் கொடுத்த சுண்ணாம்பு ஆண்டவருடையது. ஆனால் அந்தச் சுண்ணாம்புக்காக ஒரு மனிதனும் மனைவியும் தண்ணீரில் நின்று அரித்த சிப்பி எவ்வளவு? இருநூற்று நாற்பதுக்கு நூற்று இருபத்தொன்பது என்றால், நூற்றுப் பதினொன்றுக்கு இருநூற்றாறரைத் துலாம். தாம் ஒருநாள் பொழுது சூளையடியில் போய் உட்கார்ந்திருந்தால் அவர்கள் அவ்வளவையும் அரித்திருக்க வேண்டாம். அது சபையுடைய கடன் இல்லை. அசதியால் ஒரு வாத்தியார் பட்ட கடன்.

சனிக்கிழமைகளில் கருங்கல் சந்தை. பூங்கனியும் புருசனும் சுண்ணாம்பு மூட்டைகளோடு விடிவதற்கு முன்பே போய்விடுவார்கள். முத்துநாயகம் உள்ளே உறங்குவார். அந்த நேரம் பார்த்து ரசலையன் முகத்துவாரத்துக்கு நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீர் வற்றும் வேளையில் இறங்கி, அரித்து, மணல் போக இரண்டு மூன்று முறை அலசினார். மணல் கலந்த எடை யாருக்கும் வேண்டாம். ஒரு கடவம், ஏறத்தாழ இரண்டு துலாம். அதைத் தலையில் வைத்துச் சூளைக்கு நடந்து, வேலியோரம் கிடக்கும் சிப்பிக் குவியலில் கவிழ்த்துவிட்டுத் திரும்புவார். முதல் மாதம் கழுத்துத் திரும்பவில்லை. முட்டு வலிக்குக் கடல்தண்ணீர் நல்லது என்று செல்லபாயிடம் சொல்லியிருந்தார். முட்டு வலி கூடிக்கொண்டே போனது பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மழையில், காய்ச்சலில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகையில் பல சனிக்கிழமைகள் தவறின. அடுத்த வருடம் ஐப்பசி அடைமழையில் முத்துநாயகம் இறந்தார். கோயில் மேற்குச் சுவரை ஒட்டி அடக்கம். நேசையன் குடை பிடிக்காமல் குழியருகே நின்றார். அந்தச் சனிக்கிழமை ரசலையன் வீட்டில் இருந்து யோசித்தார். அதுவரை தொண்ணூறு துலாம் ஆகியிருந்தது. வாங்கவேண்டியவர் போய்விட்டார். போகாமல் இருக்க அவருடைய கால்கள் மிகவும் ஆசைப்பட்டன. அடுத்த சனிக்கிழமை தண்ணீர் குளிராக இருந்தது; இறங்கினார்.

ஒருநாள் ஆராதனை முடிந்து பூங்கனி பேச்சுவாக்கில் சொன்னாள்: "சிப்பி அரிச்சுக் கொண்டு வாற பெண்ணுவ நல்லவளுவ, சாரே. நான் நிறுத்து வாங்கியத விடக் குவியல் கூடுதலாத்தான் கெடக்கு. கூம்பாரமா வச்சுப் போடுதாளுவ போல. நானும் அவளுவளுக்குச் சுண்ணாம்பு அளக்கப்போ தலை தட்டியதில்ல."

"நல்லது, மக்ளே," என்றார் ரசலையன்.

முத்துநாயகம் இறந்த பிறகு வந்த இரண்டாம் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, கணக்குப்படி கடைசிக் கடவம். அன்று அவர் கடவத்தைத் தலை தட்டாமல் குவித்து எடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து இளைப்பாற வேண்டியிருந்தது. சூளை அணைந்து கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. ஆற்றில் ஒரு வள்ளம் கூட இல்லை. குவியலில் கவிழ்த்தார்; சிப்பிகள் சலசலத்து உருண்டு நின்றன.

கடவத்தை உதறிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவர், வேலி தாண்டியதும் கடவத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஓலைப் பின்னலில் ஒரே ஒரு சிப்பி சிக்கியிருந்தது. திரும்பிப் போய் அதையும் எடுத்துக் குவியலின் மேல் வைத்துவிட்டு வந்தார்.